ஈரல் புற்றுநோய் சத்திரசிகிச்சை: வைவா மேசையில் குருதி அறிக்கை கிடைத்தால்

மருத்துவ மாணவருக்கான இறுதி வருட சத்திரசிகிச்சை வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) ஈரல் புற்றுநோய் வந்தால் கூடவே ஒரு குருதி அறிக்கையும் வரும் என்று எதிர்பார்த்துப் போங்கள். ஏ.எஃப்.பி. (புற்றுக் குறிகாட்டிப் புரதம்), பிலிருபின் (ஈரல் வெளியேற்றும் மஞ்சள் நிறப்பொருள்), அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), ஐ.என்.ஆர். (குருதி உறைய எடுக்கும் நேரத்தின் அளவு), சிறுதட்டு எண்ணிக்கை என்று ஐந்தாறு வரிதான் இருக்கும். "இவருக்கு ஈரலை வெட்டலாமா?" என்று கேட்பார்கள். கொழும்பில் குப்பிகளில் (மாணவர் ஒருவருக்கொருவர் நடத்தும் வகுப்புகளில்) கைமாறும் நோட்ஸில் இவை எல்லாம் ஒரே அட்டவணையில் கிடக்கும். அந்த அட்டவணையை மூடி வையுங்கள் என்றுதான் நான் ஜூனியர்மாருக்குச் சொல்வது. ஒரு இலக்கத்தைப் படிக்கும்போது அது எந்த நாளில் எடுத்த குருதி, அதை வைத்து எந்த முடிவு மாறும் என்ற இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும், பாதி மனப்பாடம் குறைந்துவிடும்.

ஏ.எஃப்.பி.யை எல்லோரும் முதலில் சொல்வார்கள், சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். ஈரற்கலப் புற்று உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது சாதாரண அளவிலேயே இருக்கும். மறுபக்கம், கர்ப்பத்திலும் தீவிர ஈரல் அழற்சியிலும் ஆண்களின் விதைப் புற்று சிலவற்றிலும் அது கூடும். நம் நாட்டில் ஹெபடைட்டிஸ் பி, சி பரவல் குறைவு. வாட்டில் நீங்கள் பார்க்கும் நோயாளி பெரும்பாலும் நீரிழிவு, கொழுப்பு ஈரல் அல்லது மதுவால் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுவது) ஆனவர். இப்படி வைரஸ் சாராத புற்றில் ஏ.எஃப்.பி. கூடாமலிருப்பது இன்னும் சகஜம். ஆகவே "ஏ.எஃப்.பி. சாதாரணம், புற்று இல்லை" என்று வாய் தவறிக்கூடச் சொல்லவேண்டாம். மில்லிலீற்றருக்கு 400 நனோகிராமுக்கு மேல் போனால் புற்று குருதிக் குழாய்களுக்குள் புகுந்திருக்கும் வாய்ப்பும், வெட்டிய பின் திரும்ப வரும் வாய்ப்பும் கூடுதல் என்று சொல்லலாம். அந்த இலக்கம் மட்டும் சத்திரசிகிச்சையைத் தடுக்காது. பிவ்கா-2 என்ற இன்னொரு புற்றுக் குறிகாட்டி பற்றிக் கேட்டால், நோயாளி வார்ஃபரின் (குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுக்கிறாரா என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். வார்ஃபரினும் விற்றமின் கே குறைபாடும் அதைக் கூட்டிவிடும்.

உண்மையில் வைவா நடக்கும் இடம் இதற்கு அடுத்தது: வெட்டிய பின் மிச்சமிருக்கும் ஈரல் தாங்குமா? இங்கே எல்லோரும் சைல்ட்-பியூ என்ற ஈரல் புள்ளித் திட்டத்தைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1973 இல் பியூவும் மற்றவர்களும் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது உணவுக்குழாய் நாளங்களில் குருதி கசிந்தவர்களின் சத்திரசிகிச்சைக்காக, ஈரலை வெட்டுவதற்காக அல்ல. அதில் வயிற்று நீரும் மூளைக் குழப்பமும் பார்ப்பவரின் கணிப்பைப் பொறுத்தவை. 2015 இல் வந்த ஆல்பி அளவீடு அந்த இரண்டையும் விட்டுவிட்டு, பிலிருபினையும் அல்புமினையும் மட்டும் எடுத்துக்கொண்டது. சூத்திரம் இதுதான்: பிலிருபினின் 10 அடி மடக்கையை 0.66 ஆல் பெருக்கி, அதிலிருந்து அல்புமினின் 0.085 மடங்கைக் கழிக்க வேண்டும். பிலிருபின் லீற்றருக்கு மைக்ரோமோலில், அல்புமின் லீற்றருக்கு கிராமில். விடை −2.60 அல்லது அதற்குக் கீழே என்றால் முதல் தரம் (நல்ல ஈரல்), −1.39 வரை இரண்டாம் தரம், அதற்கு மேலே மூன்றாம் தரம்.

ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கும் பிலிருபின் 20. ஒருவருக்கு அல்புமின் 44, மற்றவருக்கு 36. மற்ற எல்லாம் சரி என்றால் சைல்ட்-பியூவில் இருவருமே ஏ, 5 புள்ளி, அதாவது மிக நல்ல நிலை. ஆல்பியில் முதலாமவர் −2.88, இரண்டாமவர் −2.20. ஒருவர் முதல் தரம், மற்றவர் இரண்டாம் தரம். ஒரே பெட்டிக்குள் போட்ட இருவரில் யாருடைய ஈரல் பலவீனமானது என்று இப்போது தெரிகிறதல்லவா? பரீட்சகர் முன்னால் இந்தக் கணக்கைப் போடத் தேவையில்லை. ஆனால் ஒருதரம் போட்டவருக்கு "ஏன் ஆல்பி?" என்ற கேள்வி பயமாக இருக்காது. இன்னொன்று, சில ஆய்வுகூடங்கள் பிலிருபினை டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் தரும். 17.1 ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். அலகு பார்க்காமல் வாய் திறக்கவேண்டாம்.

சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழே, மண்ணீரலும் பெருத்திருக்கிறது என்றால் ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் வாயில் நாளத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது. பெரிய வெட்டுக்குப் போகமுன் எல்லோரும் யோசிப்பார்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு மிச்ச ஈரல் ஏறத்தாழ 40 சதவீதமாவது இருக்கவேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள். குருதி அறிக்கையும் சி.ரி. ஸ்கானில் அளந்த கனவளவும் ஒன்றில்லாமல் மற்றது நிற்காது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு, முதல் நாள் எஸ்.ஜி.பி.ரி. (ஈரற்கலங்கள் சேதமானால் குருதியில் ஏறும் நொதியம்) ஆயிரத்தைத் தொட்டாலும் உடனே பதற வேண்டாம். குருதி வரத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வெட்டியதால் ஏறுவது அது, பிறகு நாளுக்கு நாள் இறங்கவேண்டும். வாட்டில் உறவினர்கள் அதைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் அந்தப் பெயர்தான் ஊருக்கே தெரியும். நீங்கள் பார்க்கவேண்டியது ஐந்தாம் நாளின் பிலிருபினும் ஐ.என்.ஆரும். 2005 இல் பிரான்சில் வந்த ஆய்வு இதைத்தான் எளிமையாகப் பிடித்தது: ஐந்தாம் நாளில் புரோத்துரொம்பின் (உறைதலைச் சதவீதத்தில் சொல்லும் அளவு) 50 சதவீதத்துக்குக் கீழும் பிலிருபின் 50 மைக்ரோமோலுக்கு மேலும் இருந்தவர்களில் 59 சதவீதம் பேர் இறந்தார்கள். '50-50' என்று சொன்னாலே பரீட்சகருக்கு விளங்கும். வெட்டிய பின் ஈரல் செயலிழப்புக்கு 2011 இல் சர்வதேசக் குழு ஒன்று தந்த வரைவிலக்கணமும் ஐந்தாம் நாளையே பிடித்துக்கொண்டது.

ஏன் அல்புமினைச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அல்புமினின் அரைவாழ்வுக் காலம் கிட்டத்தட்ட மூன்று வாரம். ஈரல் செய்யும் உறைதல் காரணி ஏழுக்கு ஆறு மணித்தியாலம் அளவில்தான். ஈரல் இன்று வேலையை நிறுத்தினால் ஐ.என்.ஆர். நாளையே சொல்லும், அல்புமின் ஆறுதலாகத்தான் சொல்லும். ஆனால் இடையில் பிளாஸ்மா ஏற்றியிருந்தால் ஐ.என்.ஆர். பொய்யாக நல்லதாகத் தெரியும். பி.எச்.ரி.யை (நோயாளியின் வாட்டுக் குறிப்பேட்டை) புரட்டி என்ன ஏற்றினார்கள் என்று பார்த்த பிறகே பேசுங்கள். பொஸ்பேற்று குறைந்தால் ஈடுசெய்யத்தான் வேண்டும், ஆனாலும் அது ஈரல் வளர்கிறது என்பதற்கான அறிகுறியும்கூட. குறையாமல் நிற்பதுதான் கவலை.

நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் (இருவகை வெண்கலங்கள்) விகிதத்தை ஜேர்னல் கிளப்பில் (ஆய்வுக் கட்டுரை பேசும் கூட்டத்தில்) யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். மலிவான சோதனை, சாதாரண எஃப்.பி.சி.யிலேயே (முழுக் குருதிக்கல எண்ணிக்கையிலேயே) கிடைக்கும். விகிதம் கூடியவர்களின் ஆயுள் குறைவு என்று ஏராளமான கட்டுரைகள் காட்டுகின்றன. எனக்கு அதில் அரைமனம்தான். ஒரு கட்டுரையில் எல்லை 2, இன்னொன்றில் 3, வேறொன்றில் 5. தன் நோயாளிகளிடமே எல்லையைத் தேடி எடுத்துவிட்டு, அதே நோயாளிகளிடம் அது வேலை செய்கிறது என்று காட்டினால் எதுவும் வேலை செய்யத்தான் செய்யும். ஸ்டீரொயிட் கொடுத்தாலும் கிருமித் தொற்று வந்தாலும் விகிதம் ஏறும். பெரிய கட்டி உள்ளவருக்கும் ஏறும், அப்படியானால் கெடுதல் விகிதத்தாலா கட்டியாலா? அந்தக் கட்டுரைகளில் பலவும் ஹெபடைட்டிஸ் பி மிகுந்த கிழக்காசிய நாடுகளிலிருந்து வந்தவை, நம் நோயாளியோ வேறு ஆள். இதைச் சொன்னால் ஜேர்னல் கிளப்பில் நல்ல சண்டை ஒன்று கிடைக்கும்.

கடைசியாக வருவது பின்தொடர்தல். ஏ.எஃப்.பி.யின் அரைவாழ்வு 5 முதல் 7 நாள். முன்பு 800 இருந்தவருக்கு ஐந்து அரைவாழ்வு கழிந்தால்தான் 25 ஆகும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் பார்த்துவிட்டு "இன்னும் கூடுதலாகத்தான் இருக்கிறது, கட்டி மிச்சம்" என்று சொன்னால் பரீட்சகர் சிரிப்பார். ஒரு மாதம், ஒன்றரை மாதம் விட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்காமலோ, இறங்கித் திரும்ப ஏறினாலோ ஸ்கானுக்கு அனுப்புங்கள். ஆரம்பத்திலேயே ஏ.எஃப்.பி. சாதாரணமாக இருந்தவருக்கு இது பெரிதாக உதவாது, அவருக்கு ஸ்கான்தான் வழி. "எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?" என்று கேட்டால், முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று சொல்லுங்கள்.