என் அட்டையில் இருந்த சொல்

வேலைக்குச் சேர்ந்த அன்று மருத்துவமனையில் ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். பெயருக்குக் கீழே 'ஊழியர்' என்று இருந்தது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'துப்புரவுப் பிரிவு'. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கிறிஸ்தவ சபையில் ஊழியர் என்றால் யார் என்று நமக்கெல்லாம் தெரியும். வேதப்புத்தகத்தோடு முன்னால் நிற்கிறவர். நான் ஏங்கியது அந்த ஊழியத்துக்கு. கைக்கு வந்தது வாளியும் மாப்பும்.

19 வயதில் ஒரு வாலிபர் முகாமின் கடைசி இரவில், "முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று போதகர் அழைத்தபோது எழுந்து நின்றவள் நான். அது வெறும் உணர்ச்சி வேகம் என்று யாராவது சொன்னால் இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேதாகமக் கல்லூரிக்கு விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தேன். அப்புறம் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். வீட்டுக்கு ஒரு சம்பளம் உடனே தேவைப்பட்டது. ஆறு மாதம் பார்க்கலாம் என்று சேர்ந்த வேலை இது. இப்போது 17 வருஷம் ஆகிறது.

முதல் இரண்டு வருஷம் இந்த வேலையை நான் வேலையாகவே நினைக்கவில்லை. என் உண்மையான வேலை நோயாளிகளோடு பேசுவது, ஜெபிப்பது, ஆண்டவரைப் பற்றிச் சொல்வது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தரை துடைப்பது வார்டுக்குள் நுழைய ஒரு அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். அதனால் அரைகுறையாகத் துடைப்பேன். கட்டிலுக்கு அடியில் குனிய மாட்டேன்.

ஒரு நாள் காலை ஷிஃப்டில், பாதி வார்டைத் துடைத்துவிட்டு, ஒரு அம்மா அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து அவர் கட்டிலருகே போய் நின்று ஜெபம் செய்ய ஆரம்பித்தேன். 'தரை ஈரம்' என்று எழுதிய மஞ்சள் பலகையை வைக்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். பின்னால் டமார் என்று சத்தம். மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டர் வழுக்கி விழுந்திருந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல் விழுந்து, ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை. ஒரு கையால் குழந்தையை எப்படித் தூக்கினாரோ, எப்படிக் குளிப்பாட்டினாரோ, அதை நினைத்து எத்தனையோ இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சூப்பர்வைசர் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "ஜெபம் பண்ணும்மா, வேண்டாங்கல. ஆனா தரை காயுற வரைக்கும் பலகை நிக்கணும். அந்தப் பலகையும் ஒருத்தருக்காகத்தானே வைக்கிறோம்?" என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு வேதபாடம் நடத்தியவர் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவே ஆரம்பித்தேன். கற்றுக்கொள்ள இவ்வளவு இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. துடைக்கும் துணியை நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்ததைத் திருப்ப வேண்டும். துடைத்த முகத்தால் இன்னொரு கட்டிலைத் தொடக் கூடாது. மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, கழிவறை எப்போதும் கடைசியில். ரத்தம் சிந்தியிருந்தால் முதலில் உறிஞ்சும் தாளைப் போட்டு எடுத்துவிட்டு, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி 10 நிமிஷமாவது அப்படியே விட வேண்டும். மருந்து ஈரமாக இருக்கும் நேரம்தான் அது கிருமியோடு சண்டை போடும் நேரம். அவசரப்பட்டு உடனே துடைத்துவிட்டால், பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். கிருமி மட்டும் அங்கேயே இருக்கும்.

அதிகம் கை படும் இடங்கள் வேறு: கட்டிலின் பக்கக் கம்பி, அழைப்பு மணியின் பொத்தான், கதவுப் பிடி, சுவிட்சு, சலைன் ஸ்டாண்டு. இவற்றில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் விட்டுவிடத் தோன்றும். விட்டுவிட்டாலும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அந்தக் கட்டிலில் அடுத்து வந்து படுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், அது என் துணி படாத அந்தப் பொத்தானிலிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆண்டவருக்கும் எனக்கும் நடுவே மட்டும் நடக்கிற காரியம் அது. "மனுஷர்களுக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே" என்று கொலோசெயர் 3-ம் அதிகாரத்தில் வருகிற வார்த்தையைச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடமாகச் சொல்வேன். அது அடிமைகளாயிருந்த வேலைக்காரர்களுக்கு எழுதியது என்பதையே இந்த வேலைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அந்தப் பொத்தானைத் துடைக்கும்போதுதான் அது எனக்கும் எழுதியதாயிற்று.

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த ஒரு பெரியவர் சில வாரம் எங்கள் வார்டில் இருந்தார். மலம் போவது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. விரிப்பு மாற்ற நானும் சிஸ்டரும் போகும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழறிய நாக்கால் "மன்னிச்சிரும்மா" என்பார். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை அந்த மன்னிப்பு. எனக்கு அது நாற்றத்தைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

அவருக்காக நானாகவே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். முதலில் திரையை முழுக்க இழுப்பேன், ஒரு விரல்கடை இடைவெளிகூட இல்லாமல். அப்புறம் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, "ஐயா, நான் வந்துட்டேன்" என்பேன். அதன் பிறகுதான் கையுறை போடுவேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அழுக்கைப் பார்க்கக் கூடாது என்று ஒரு தீர்மானம். மூக்கைச் சுருக்காமல் இருக்கவும் பழக வேண்டியிருந்தது. வாயால் மெதுவாக மூச்சு விடப் பழகினேன். சிஸ்டர் அவரை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்வார். பழைய விரிப்பை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டே வந்து முதுகை ஒட்டி வைத்து, புதிய விரிப்பைப் பாதி விரித்து, மெதுவாக அவரை மறுபக்கம் திருப்பி, பழையதை உருவி எடுப்போம். சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருக வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தாலும் படுக்கைப் புண்ணுக்கு வழிவிடும். பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, "வெளிய மழையா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பாட்டு வந்தது. நான் அவரிடம் ஒரு வசனமும் சொல்லியிருக்கவில்லை. கையில் ஊசியோடு படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. போக முடியாதவரிடம் பிரசங்கம் செய்வது சரியில்லை என்பது என் எண்ணம். கேட்டால் சொல்வேன், சந்தோஷமாகச் சொல்வேன்.

அந்த நாட்களில்தான் சபையின் வேதபாடத்தில் அப்போஸ்தலர் 6-ம் அதிகாரம் படித்தோம். எருசலேம் சபையில் கிரேக்கு பேசிய விதவைகளை அன்றாட உணவுப் பங்கீட்டில் யாரும் கவனிக்கவில்லை. முறுமுறுப்பு எழும்புகிறது. அப்போஸ்தலர்கள் 7 பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் அந்தப் பகுதியை வாசித்தால், சாப்பாட்டு வேலைக்கு 'விசாரணை' என்றும், வசனம் போதிப்பதற்கு 'ஊழியம்' என்றும் இருக்கும். நானும் அப்படியே இரண்டு தட்டாகப் பிரித்து வைத்திருந்தேன். பாடம் நடத்திய மூத்த சகோதரர் கிரேக்க மூலத்தைக் காட்டினார். முதலாம் வசனத்தில் அன்றாடப் பங்கீட்டுக்கு வருவது 'தியாகோனியா'. நான்காம் வசனத்தில் வசனத்தைப் போதிக்கும் ஊழியத்துக்கும் அதே 'தியாகோனியா'. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று பவுல் ரோமர் 16-ல் அறிமுகப்படுத்தும் பெபேயாளுக்கும் அதே வேரிலிருந்து வரும் சொல்தான். அது பந்தியில் பரிமாறுகிறவனுக்கும் வழங்கிய சொல்.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பந்தி பார்க்க ஆள் எடுத்தபோதும் அவர்கள் கேட்ட தகுதி பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது. அந்த 7 பேருக்கும் கைகளை வைத்து ஜெபித்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் மாப்பைக் கையில் எடுக்கும் முன் ஒரு நாளாவது அப்படி ஜெபித்தேனா நான்?

புளோரன்ஸ் நைட்டிங்கேல் வாழ்க்கையைப் படித்தபோதும் இதே போல ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 1837 பிப்ரவரி 7-ம் தேதி, 16 வயதில், கடவுள் தன்னைத் தம் சேவைக்கு அழைத்தார் என்று எழுதி வைத்தவர் அவர். என்ன சேவை என்று அப்போது தெரியவில்லை. வருஷக்கணக்கில் தெரியவில்லை. 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் தெயோடார் ஃபிளீட்னர் நடத்திவந்த டீக்கனஸ் இல்லத்தில், அதாவது சபையின் ஊழியப் பெண்களுக்கான இல்லத்தில், போய்ப் பயிற்சி எடுத்தார். 'டீக்கனஸ்', மறுபடியும் அதே பந்திச் சொல். 1854-ல் கிரிமியப் போரின்போது துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனார். எல்லோரும் அவர் கையிலிருந்த விளக்கைத்தான் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது, அடுத்த வருஷம் மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு அந்தக் கட்டடத்துக்கு அடியில் இருந்த சாக்கடைகளைக் கழுவிவிட்டது. அதன் பிறகுதான் சாவு மளமளவென்று குறைந்தது. அந்தச் சாக்கடையில் இறங்கியவர்களின் பெயர் எதையும் நான் எங்கும் படித்ததில்லை.

யோவான் 13-ம் அதிகாரத்தையும் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, சீலையை அரையில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். யூதாசும் அங்கே இருக்கிறான்; அவன் காலையும் கழுவுகிறார். எனக்கு எப்போதும் வரும் கேள்வி வேறு. இத்தனை பேரின் கால் கழுவிய அழுக்குத் தண்ணீரைப் பிறகு யார் கொண்டுபோய் ஊற்றினார்கள்? யோவான் எழுதவில்லை. எங்கள் வேலையில் கழுவுவது பாதி வேலைதான், வாளியைக் கொட்டி, மாப்பை அலசி, காய வைத்தால்தான் முடிந்ததாக அர்த்தம். அவர் சீலையைக் கட்டியவர், பாத்திரத்தை நடுக்கூடத்தில் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன். இது என் நம்பிக்கைதான், வசனம் இல்லை. வாளியைக் கொட்டும்போதெல்லாம் அந்தக் காட்சி மனதில் வரும்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. தாழ்மையான சேவை என்று புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தில் கை வைப்பவர்களும் உண்டு. ஒரு சமயம் எங்களுக்கு மூன்று மாதம் மிகைநேரக் கூலி வரவில்லை. கிழிந்த கையுறையையே கழுவிக் கழுவிப் போடச் சொன்னார்கள். "நீங்க விசுவாசியாச்சே, பொறுத்துக்குவீங்க" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். நான் பொறுக்கவில்லை. கேட்காமல் விட்டால் என்னோடு வேலை செய்யும் மற்றப் பெண்களுக்கும் சேர்த்து நான் துரோகம் செய்ததாகும். பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ல் இருக்கிறது. கூலி கூக்குரலிடலாம் என்றால் கூலிக்காரி பேசக் கூடாதா? எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். கொஞ்சம் இழுத்தடித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். புதுக் கையுறையும் வந்தது.

வேலை எனக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்பார்கள். சில நாள் பிடிக்கும், சில நாள் வாந்தி வரும். 17-ம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் துறவிகளின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1691-ல் இறந்தார். மடத்துச் சமையலறையில் 15 வருஷம் வேலை செய்தவர். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே அறவே பிடிக்காது என்று அவரோடு பேசியவர் குறித்து வைத்திருக்கிறார். பாத்திரங்களுக்கு நடுவில் ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருந்தார். இதைப் படித்ததும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. பிடித்திருந்தால்தான் அழைப்பு என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். 20 வயது இருக்கும். முதல் வாரம் நான்தான் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். டிஸ்சார்ஜ் ஆன ஒரு அறையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில், தானும் வேதாகமக் கல்லூரிக்குப் போக ஆசைப்படுவதாகச் சொன்னாள். அப்புறம் சத்தம் குறைந்து, "அக்கா, நான் இங்கயே இருந்துடுவேனோன்னு பயமா இருக்கு" என்றாள்.

என் கதையைச் சொல்லி அவளை இங்கே நிறுத்திவைக்க எனக்கு உரிமை இல்லை. "போகணும்னா கண்டிப்பா போ. விண்ணப்பத்துக்குத் தேதி எப்போன்னு சொல்லு, அன்னைக்கு உன் ஷிஃப்ட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன். முகம் மலர்ந்தது. சொன்ன சந்தோஷத்தில் அழைப்பு மணியைத் தாண்டிப் போய்விட்டாள்.

"இதை விட்டுட்ட பாரு" என்று பொத்தானைக் காட்டினேன். திரும்பி வந்தாள். துணியைப் பார்த்தாள், அந்த முகம் அழுக்காகியிருந்தது. நான் சொல்லாமலே அடுத்த மடிப்பைத் திருப்பினாள்.