மே கடைசி வாரம், முற்றத்தில் ஒரு சக்கை

மே மாதம் பிறந்ததும் குமரி மாவட்டத்து அம்மாமாரிடம் கேட்டால், பள்ளிக்கூடத்தை நாளைக்கே திறந்தாலும் சந்தோஷம் என்பார்கள். ஃபேன் காற்றுக்குச் சண்டை, ரிமோட்டுக்குச் சண்டை, ஃப்ரிட்ஜைத் திறந்து போட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று ஒரு புகார். அதே அம்மாமார் கடைசி வாரம் வந்ததும் கட்சி மாறிவிடுவார்கள். "இந்த வெயில்ல பிள்ளைய எப்பிடிப் போவும்? ரெண்டு நாள் கழிச்சுத் தொறந்தா என்னவாம்?"

அரசாங்கமும் அவ்வப்போது இவர்கள் பக்கம் சாயும். 2024-ல் வெயிலைக் காரணம் காட்டி, ஜூன் 6-ல் திறக்க வேண்டிய பள்ளிகளை 10-க்குத் தள்ளிவைத்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை மே 30-லேயே இறங்கிவிட்டிருந்தது. குமரிப் பிள்ளைகளுக்கு வெயில் லீவும் மழையும் சேர்ந்து கிடைத்த வருஷம் அது.

அந்தக் கடைசி வாரத்தில் வீட்டிலுள்ள எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைப்பது லேசு இல்லை. திற்பரப்புக்குப் போனால் அருவிக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனால் ஆளுக்கொரு செல்ஃபி. விவரம் தெரிந்த அம்மாமார் அதற்குப் பதிலாக ஒரு வருக்கைச் சக்கையை, அதாவது பலாக்காயை, முற்றத்தில் இறக்குவார்கள். சக்கை வத்தல், அதாவது சுளையை எண்ணெயில் வறுத்த சிப்ஸ், என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே ஒரு தந்திரம் இருக்கிறது: கை முழுக்க தேங்காய் எண்ணெயும் சக்கைப்பாலும் ஒட்டியிருக்கும்போது யாராலும் போனைத் தொட முடியாது. வைஃபையை அணைத்தால் கலவரம் வரும். சக்கையை வெட்டினால் ரெண்டு மணி நேரம் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவார்கள்.

சக்கையைத் தேர்ந்தெடுப்பதில் ஏமாந்தால் மீதி எல்லாம் வீண். சுளை கெட்டியான வருக்கைதான் வேண்டும். குழைவான கூழன் ரகத்துச் சுளை எண்ணெய் குடித்துத் துவண்டு போகும். வருக்கையிலும் நன்றாக விளைந்த, ஆனால் பழுக்கத் தொடங்காத காயாகப் பார்க்கணும். முள் நெருங்கிக் கூராக நின்றால் இளசு. அகன்று முனை மழுங்கியிருந்தால் விளைச்சல் சரி. மணம் வந்துவிட்டதா, அதை விட்டுவிடுங்கள். உள்ளே மாவு இனிப்பாக மாறத் தொடங்கியிருக்கும். அந்தச் சுளை வேகும் முன்னே சிவந்து கறுத்துவிடும், நடுவில் மெத்தென்று நிற்கும். அது பழுத்தால் வெல்லம் சேர்த்துச் சக்கை வரட்டி கிண்டலாம், அது வேறொரு நாள் வேலை.

மரத்தில் இருப்பதைத் தோட்டி என்கிற கொக்கிக் கம்பால் இழுத்துப் 'பொத்'தென்று போடக் கூடாது. அடிபட்ட பக்கத்துச் சுளையெல்லாம் கன்றிப் போகும். ஒரு ஆள் ஏறி, காம்பில் கயிறு கட்டி, வெட்டுக்கத்தியால் காம்பைக் கொத்தி மெள்ள இறக்கணும். இது அப்பாவின் பங்கு. இறக்கியதும் தன் பங்கு முடிந்ததாக அவர் நினைத்துக்கொள்வார். அவரைத் திண்ணைக்குப் போக விடாமல் பிடித்து, சக்கையை ரெண்டாகப் பிளக்கும் வேலையையும் தலையில் கட்டுவது அம்மாவின் சாமர்த்தியம்.

இறக்கிய சக்கையைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு மணி நேரம் சாய்த்து வைத்தால் பால் பெரும்பாலும் வடிந்துவிடும். பிறகு பழைய பேப்பர் விரித்து, கத்தியிலும் எல்லார் கையிலும் மணிக்கட்டு வரை தேங்காய் எண்ணெய். மறந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: பிசின் ஒட்டிய கையைத் தண்ணீரில் கழுவினால் போகாது, இன்னும் இறுகும். முதலில் எண்ணெய் விட்டுத் தேய்த்து இளக்கி, துணியால் துடைத்து, கடைசியில்தான் சோப்பு. தலைமுடியில் பட்டாலும் இதே வைத்தியம். உடுப்பில் பட்டால் வைத்தியம் கிடையாது, ஆகவே எல்லாரும் பழைய உடுப்பு. பிளஸ் டூ முடித்த மூத்தவள் மட்டும் நல்ல சுடிதாரில் வந்து நிற்பாள், சும்மா பார்க்க வந்த விருந்தாளி மாதிரி.

இனி உட்காரும் வரிசை. பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்பது இங்கேதான் தெரியும்.

நாலைந்து வயசுப் பிள்ளைக்குக் கொட்டை பொறுக்கும் வேலை. ஒரு கடவத்தை, ஓலைக் கூடையைக், கொடுத்து எண்ணச் சொன்னால் இருபது வரை ஒழுங்காகப் போகும். அப்புறம் பன்னிரண்டுக்கு இறங்கும், திரும்ப இருபது. நடுவில் நாலு கொட்டை கோழிக்கு எறியப்படும்.

ஏழெட்டு வயசானால் சுளையைப் பிரிக்கலாம். மடலைப் பின்பக்கமாக வளைத்தால் சுளை தானே வாய் திறந்து நிற்கும். ஒவ்வொன்றாக இழுத்து நாரைக் களையணும், நுனியையும் அடியையும் கிள்ளிவிட்டு நீளவாக்கில் ஒரு கீறல், உள்ளிருந்து கொட்டை. இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவன் பச்சைச் சுளை தின்பான். "லேய், வயிறு வலிக்கும்" என்று ஆச்சி சொல்வாள். சொல்லிவிட்டு அவளும் ஒன்று வாயில் போடுவாள்.

பதினொன்று, பன்னிரண்டு வயசில் கத்தி கைக்கு வரும். நீளவாக்கில், தீக்குச்சியை விட ரெண்டு மடங்கு தடிமனில், எல்லாம் ஒரே அளவாக நறுக்கணும். ஒன்று மெலிசும் ஒன்று தடியுமாக விழுந்தால் ஒரே ஈட்டில், அதாவது ஒரு தடவை சட்டியில் போடுவதில், மெலிசு கருகி, தடி வேகாமல் நிற்கும். எந்தப் பிள்ளை நறுக்கியது என்று வத்தலைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவசரக்காரன் நறுக்கியது பல்லை உடைக்கும்.

பதினைந்தைத் தாண்டியவர்களுக்குச் சட்டிப் பக்கம். வருஷத்துக்கு வருஷம் இடம் மாறிக்கொண்டே வரும். போன மே மாதம் கொட்டை பொறுக்கியவள் இந்த மே மாதம் "எனக்கும் கத்தி தா" என்று நிற்கும்போதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்று இருக்கும். கடவத்தை எடுக்க இனி ஆளில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பத்து வயசு தாண்டாம கத்தி கிடையாது" என்று ஒரு புதுச் சட்டம் அங்கேயே பிறக்கும். இது பாதுகாப்புக்காக மட்டும் போட்ட சட்டம் இல்லை.

நறுக்கியதைக் கழுவக் கூடாது. ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பொங்கும், சீறும். மூன்று கிலோ சுளைக்கு ஒன்றரை லிட்டர் தேங்காய் எண்ணெய் போதும். தடித்த இரும்புச் சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் நிற்கக் கூடாது. ஒரு துண்டைப் போட்டால் உடனே மேலே வரணும், அதுதான் பதம். ஒரு ஈட்டுக்கு ரெண்டு கை அளவு. ஆசைப்பட்டு நாலு கை போட்டால் எண்ணெய் சூடு இறங்கி, சுளை வறுபடாமல் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். நடுத்தரத் தீயில் எட்டுப் பத்து நிமிஷம். முதலில் பெரிய குமிழியாகக் கொதிக்கும், பிறகு சத்தம் அடங்கும். அடங்குகிற நேரம்தான் உப்புத்தண்ணீர்.

அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் மஞ்சளும் முன்கூட்டியே கரைத்து வைத்திருக்கணும். அதில் ஒரு ஸ்பூன், ஒரே ஒரு ஸ்பூன், சட்டியின் ஓரமாக விட்டுவிட்டு ஒரு எட்டு பின்னால் நகரணும். 'சட சட'வென்று வெடித்து அடங்கும். முதலிலேயே சுளையில் உப்பைப் பிசிறி வைத்தால் நீர் விட்டுத் தொய்ந்துவிடும், அதனால்தான் இந்தக் கடைசி நேர ஏற்பாடு. ஸ்பூனுக்குப் பதில் கிளாஸையே கவிழ்த்தால் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும். ஆகவே உப்புத்தண்ணீர் விடும் உத்தியோகம் யாருக்கும் சும்மா கிடைக்காது. அது கிடைத்த பிள்ளை அன்றைக்கு ராத்திரி வரை தம்பி தங்கையை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும். ஜல்லிக் கரண்டியால் கிளறும்போது கலகலவென்று ஓசை வந்தால் கோரி, பேப்பர் விரித்த சுளவில், அதாவது முறத்தில், போடலாம்.

பத்துக் கிலோ சக்கை என்றால் மடல், நார், நடுத்தண்டு, கொட்டை எல்லாம் கழிய ஏறக்குறைய மூன்று கிலோ சுளை நிற்கும். வறுத்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இது தராசுக் கணக்கு. சுளவைச் சுற்றி எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து டின் கணக்கு மாறும். சூடு முழுக்க ஆறிய பிறகே டின்னில் போடணும். பொறுமையில்லாமல் மூடினால் ஆவி வியர்த்து மறுநாளே நமுத்துப் போகும். ஜூன் மாதக் காற்று இங்கே அவ்வளவு ஈரம். டின்னைத் திறந்து வைத்துவிட்டுப் போன ஆளைக் கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் வைத்தாலும் உண்மை வெளிவராது.

பொறுக்கிய கொட்டையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து ஒரு மூலையில் கொட்டி வைத்தால் மழைக்காலம் வரை கிடக்கும். ஜூன் முதல் வாரத்தில் அதற்கு மவுசு கூடும். காரணம் மீன். சின்னமுட்டம் முதலான கிழக்குக் கடலில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இருக்கும் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ரெண்டு தடைக்காலம், ஜூன் முதல் ரெண்டு வாரம் ரெண்டும் சேர்ந்து நிற்கும். சின்ன நாட்டுப்படகான வள்ளத்தில் போகிறவர் கொண்டுவருவது மட்டும்தான், விலை கேட்டால் அங்கேயே நிற்க மாட்டோம். ஆகவே மே கடைசியிலேயே சாளையும் (மத்தி) நெத்திலியும் ஆசை தீரத் தின்றுவிட்டு, ஜூனில் சக்கைக்கொட்டையும் மாங்காயும் போட்ட குழம்புக்குத் திரும்புவது நல்லது.

இதற்கு நடுவே பள்ளிக்கூட வேலை. நோட்டுக்கு அட்டை போடுவதைச் சக்கைக்கு முந்தின நாளே முடித்துவிடணும். பிந்தினால் பிரவுன் தாளில் ஐந்து எண்ணெய் விரல் பதிந்து, கணக்கு நோட்டு வருஷம் முழுக்க வத்தல் மணக்கும். யூனிஃபார்ம் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்தால் பிறகு சுருங்காது. பாவாடைக்கும் பேன்ட்டுக்கும் கீழே ரெண்டு அங்குலமாவது மடித்துத் தைக்கச் சொல்லணும். ஒவ்வொரு தடவை பிரித்து இறக்கும்போதும் பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத கோடு ஒன்று நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் "இம்புட்டு வளந்துட்டியா மக்கா" என்று அம்மா கேட்பாள். பிள்ளையோ அந்தக் கோடு வெளியே தெரிகிறதே என்று அழும்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டால் போதும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ரெண்டு சைஸ் கூட்டி வாங்கினால், குதிகாலில் கொப்புளம் வரும். கால் வளர்ந்து சரியாகிற நேரம் ஷூவுக்கு அடி இருக்காது.

பிள்ளைகளின் பெரிய குறை ஒன்று உண்டு, நியாயமான குறை. கோடை முழுக்க சானலில், அதாவது பாசனக் கால்வாயில், தண்ணீர் கிடையாது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைக் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்காகத் திறப்பது வழக்கமாக ஜூன் மாதத்தில். லீவு முழுக்க வறண்ட சானலில் பந்து விளையாடியவர்கள், தண்ணீர் நிறைந்து ஓடும் நாளில் அதே கரை வழியே டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வேனில் போவார்கள். இதில் அம்மாமார் ஒன்றும் செய்ய முடியாது. முதல் ஞாயிற்றுக்கிழமை குளிக்க விடலாம்.

மூத்தவள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போகும் வருஷம் என்றால் கணக்கு வேறு. அவளுக்கு ஒரு டின் தனியாக எடுத்து வைப்பார்கள். அது அறையில் ஒரு ராத்திரி தாங்காது, சுற்றியிருக்கும் பிள்ளைகள் கை வைக்காமல் விடமாட்டார்கள். ஆகவே ஒரு சக்கைக்கு ரெண்டு சக்கையாக வெட்டணும். அதுவும் மழை பிடிக்கும் முன்பே. மழை குடித்த சக்கையின் சுளையில் நீர் கோர்த்திருக்கும், எவ்வளவு வறுத்தாலும் மொறுமொறுப்பு வராது. டின்னில் போடுவதை விட, ஐந்தாறு சின்னக் கவரில் காற்றில்லாமல் கட்டிக் கொடுத்தால் ஒன்று ஒன்றாகத் திறக்கலாம், நமுக்காது. ஒரு கவரைப் பெட்டியின் அடியில், போர்வைக்குள் வையுங்கள். எங்கே வைத்தது என்று அவளிடம் அன்றைக்குச் சொல்ல வேண்டாம், ஒரு வாரம் கழித்து போனில் சொன்னால் போதும். நல்ல சுடிதாரில் பிசின் பட்டதற்கு யார் காரணம் என்ற வழக்கும் அந்த போனிலேயே தொடரும்.