தூதுவளைப் பூவில் கேட்கும் சுருதி

பனி விலகி வெயில் ஏற ஆரம்பித்ததும், எங்கள் வேலியோரத் தும்பைக்கு நீலப்பட்டைத் தேனீ வந்துவிடுகிறது. கறுத்த வயிற்றில் குறுக்கே மினுங்கும் நீலக் கோடுகள், நெஞ்சில் செம்பழுப்பு முடி. ஒரு பூவில் நிற்கும் நேரம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்; சட்டென்று பக்கவாட்டில் விலகி, அந்தரத்தில் நின்று, அடுத்த பூவுக்குப் பாயும். புகைப்படம் எடுக்கப் பொறுமை வேண்டும்.

இது தனித்தேனீ. ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீக்கள் கிடையாது, அடை கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் மண்ணிலோ பழைய மண்சுவரிலோ தானே வளை குடைந்து, அறை கட்டி, மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு மூடிவிடும். பிடித்த சுவராக இருந்தால் பல பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் குடைவதுண்டு. ஆனாலும் அவரவர் வளை அவரவருக்கு. ஆண்களுக்கு வளையே இல்லை. பொழுது சாயும்போது ஒரு காய்ந்த குச்சியில் வரிசையாக வந்து, தாடையால் கவ்விப் பிடித்தபடி தூங்குகின்றன. கால்கூடப் பல நேரம் குச்சியில் படாது!

தும்பையில் அதற்குத் தேன் கிடைக்கிறது. மேல் இதழ் ஒரு சிறு முக்காடு போல வளைந்து மகரந்தத்தாள்களை மூடியிருக்கும். தேனீ கீழ் இதழில் இறங்கி நீண்ட நாக்கை உள்ளே விடும்போது, அந்த முக்காட்டுக்குள் இருக்கும் மகரந்தம் அதன் மேல்பக்கத்தில் பூசிக்கொள்ளும்.

தூதுவளையில் கதையே வேறு. அங்கே தேன் ஒரு சொட்டும் இல்லை. ஊதாப் பூவின் நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாக நிற்கும். மகரந்தம் அவற்றுக்குள் அடைபட்டிருக்கிறது. வெளியே வர நுனியில் இருக்கும் சின்னத் துளைதான் வழி. பெண் தேனீ அந்தக் கூம்பைக் கட்டிப் பிடித்து, உடலை வளைத்துக்கொள்ளும். பிறகு சிறகை விரிக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் துடிக்க விடும். அதிர்வு மகரந்தப்பைக்குள் போய், துளை வழியாகத் தூள் கொட்டும். கிட்டே போய்க் காது கொடுத்தால், பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிட உயர்ந்த சுருதியில், விட்டு விட்டு 'ஸ்ஸ்... ஸ்ஸ்...' என்று கேட்கும். நான் இப்போதெல்லாம் பூவைப் பார்ப்பதற்கு முன்பே இந்தச் சத்தத்தை வைத்துத் தேனீயைக் கண்டுபிடிக்கிறேன்.

பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கும், செடிக்கொம்பில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீக்கும் இந்த வித்தை வராது. ஆகவே தேனீப் பெட்டி வைத்துவிட்டால் எல்லாப் பூவுக்கும் ஆள் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. கத்தரி, தக்காளிப் பூக்களும் இதே குடும்பம். கத்தரியில் இதே துளைதான்; தக்காளியிலும் மகரந்தம் கூம்பின் நுனி வழியாகத்தான் வெளியே வரும். தக்காளி காற்று அசைத்தாலே காய்த்துவிடும் என்பது உண்மை. ஆனால் இப்படி உலுக்கிவிட ஒரு தேனீ வந்தால் காய்ப்பு இன்னும் நன்றாக இருக்கும்.

ஆவாரையையும் கவனித்துப் பாருங்கள். அதிலும் தேன் இல்லை. பூவுக்குள் குட்டையும் நெட்டையுமாகப் பல அளவில் மகரந்தத்தாள்கள் இருக்கும். தேனீ குட்டையானவற்றைப் பிடித்து உலுக்கித் தன் பிள்ளைக்குச் சேர்க்கும் நேரத்தில், நீண்டு வளைந்தவை அதன் உடம்பில் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்துத் தூவிவிடும். அடுத்த பூவின் சூல்முடிக்குப் போய்ச் சேர்வது அந்தப் பங்குதான். இதை முதலில் விளங்கிக்கொண்ட அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

பின்கட்டு மண்சுவரைச் சிமெண்டு பூச வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கிழக்குப் பக்கம், வளைகள் இருக்கும் இடத்தை மட்டும் பூசாமல் விடும்படி கொத்தனாரிடம் சொல்லி, கரிக்கட்டியால் கோடும் போட்டுவிட்டேன். "மழைக்குக் கரையுமே" என்றார். மேலே ஒரு ஓடு சாய்த்து வைக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.