75 அப்படியே

டிசம்பர் 2, செவ்வாய்

அத்தைக்கு டி.எஸ்.எச். (தைராய்டு பத்தாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற அளவு) 11.4. தைராய்டு மாத்திரையான தைராக்சினை 75 மைக்ரோகிராமிலிருந்து 100க்கு ஏத்தி எழுதிய சீட்டு, எலும்புக்கான கால்சிய மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுகிறார் என்று சொன்னதும் டாக்டர் மேசையிலேயே அடித்துத் திருத்தப்பட்டது. விடிகாலை தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே மடக்குத் தண்ணியில். கால்சியம் குடலுக்குள்ளேயே தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ரத்தத்துக்கு என்ன போய்ச் சேரும்? மருந்து பத்தாமல் இல்லை, சேராமல் இருக்கிறது. 75 அப்படியே. நேரத்தை மாத்து, ஆறு வாரம் கழித்து ரத்தம் எடு.

டிசம்பர் 3

காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதித் தொங்கவிட்டாச்சு. விடிகாலை 5: தைராய்டு, வெறும் தண்ணி ஒரு டம்ளர். 6: காபி. கால்சியம் மத்தியானச் சோத்துக்குப் பின்னால். கார்பனேட் வகை என்பதால் வயித்தில் சாப்பாடு இருந்தால்தான் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் குறைந்தது 4 மணி நேரம். இதில் எட்டுக்கு மேலேயே இருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

காபிதான் வம்பு. "வெறும் வவுத்துல தண்ணியக் குடிச்சுப்போட்டு ஒரு மணி நேரம் எப்படி அம்மிணி உக்காந்திருக்கறது?" நியாயம்தான். ஆனால் மாத்திரையோடு காபி போனால் உறிஞ்சுவது குறையும், பாலில்லாத காபியானாலும். அரை மணி நேரம் கட்டாயம், ஒரு மணி நேரம் நல்லது. ராத்திரி படுக்கும்போது கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். அதுவும் செல்லும், கடைசிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் ஆகியிருந்தால். இந்த வீட்டில் சோறு உண்டு எழும்போதே ஒன்பது, அதுக்கு மேல் ஒரு டம்ளர் பால் வேறு. ஆகாது.

உக்காந்திருக்க வேண்டாமுங்க அத்தை, மாத்திரையைப் போட்டுட்டு வாசல் கூட்டிக் கோலம் போட்டு முடித்தால் மணி ஆறு ஆகிவிடும் என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

அத்தையின் சீப்பில் இன்னைக்கும் ஒரு கொத்து முடி.

டிசம்பர் 13, சனி

மாத்திரை டப்பா அடுப்புக்கு மேல் அலமாரியில் இருந்தது. தாளிக்கிற சூடு, சோறு வடிக்கிற ஆவி எல்லாம் அங்கேதான் போகும். தைராக்சின் சூட்டையும் ஈரத்தையும் வெளிச்சத்தையும் தாங்காது. மாத்திரை பார்க்க வெள்ளையாகவே இருக்கும், உள்ளே வீரியம் இறங்கியிருக்கும். ஆசாரத்து மர பீரோவுக்கு மாத்தியாச்சு. வாரம் முழுக்க எடுத்துப் பிரித்துவைக்கிற கட்டப் பெட்டியும் வேண்டாம். அதன் மூடி சரியாக மூடுவதில்லை. பாட்டிலுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கி எறியக் கூடாது.

மருந்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரையை நீட்டினார்கள், "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று. பேர் ஒண்ணுதான். ஆனால் இதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ரத்தத்தில் தெரியும். கம்பெனி மாத்தினால் ஆறு வாரத்துக்கு அப்புறம் மறுபடி பார்க்க வேண்டும். இப்போது நடுவில் மாத்தினால் எது எதனால் என்றே தெரியாமல் போய்விடும். கோபி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் அதே பழைய பாட்டில் வாங்கியாச்சு.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒண்ணு. குளிருது குளிருது என்கிறார். இது கணக்கில் வராது, ஊருக்கே குளிருகிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

வைட்டமின் டி, 60,000 யூனிட், வாரம் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிக்குழம்புச் சோத்தோடு. கொழுப்பில் கரைகிற சத்து, எண்ணெய் இருந்தால் நன்றாகச் சேரும். எட்டு வாரம்தான் எழுதியிருக்கிறது.

இதில் நடக்கிற விபரீதம் ஒண்ணு உண்டு. வாரம் ஒண்ணு என்பதைத் தினம் ஒண்ணு என்று தின்பது. நாலைந்து மாத்திரை சேர்ந்த சீட்டில் அது சுலபமாக நடக்கும். கால்சியம் ஏறி மலச்சிக்கல், தாகம், அசதி, பின்னால் சிறுநீரகம். மலச்சிக்கலும் அசதியும் தைராய்டிலும் உண்டு, அதனால் யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள், "தைராய்டு ஏறிப்போச்சு" என்பார்கள். அட்டையிலேயே ஒவ்வொரு ஞாயிறுக்கும் தேதி எழுதிவிட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

1914இல் இதே நாளில்தான் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். அதுக்கு முன்னால் ஆட்டுத் தைராய்டுச் சாறுதான் மருந்து. இங்கே ஆட்டுக்கறி எடுக்கிற வீடுதான், சொன்னதும் அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

டிசம்பர் 29

நாடி 84. நேத்து 76. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, உக்கார்ந்து அஞ்சு நிமிஷம் ஆன பின்னால், முழு ஒரு நிமிஷம் எண்ணுவது. கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவதில் துடிப்பு தப்புவது தெரியாது.

வெசனம் இதுதான்: இத்தனை நாள் கொஞ்சம் வீணாய்ப் போன 75 இப்போது ஒழுங்காகச் சேருகிறது. எடை 58 கிலோ; கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்கிற கணக்கில் 93 வரை வரும், வயசானவர்களுக்கு அதில் குறைவே போதும். 75 மிஞ்சாது. ஆனால் அன்னைக்கு அந்த 100 அடிபடாமல் இருந்திருந்தால்? 66 வயசில் மருந்து மிஞ்சினால் நெஞ்சு படபடப்போடு நிக்காது, துடிப்பே தாறுமாறாகும், எலும்பும் தேயும். எலும்புக்கென்று கால்சியம் தின்று, அந்தக் கால்சியத்தால் தைராய்டு மருந்தைக் கூட்டி, அதனால் எலும்பு தேய்வது.

டிசம்பர் 30

78.

ஜனவரி 2, வெள்ளி

கம்பஞ்சோறு ஆகாது, குச்சிக்கிழங்கு ஆகாது, முட்டைக்கோஸ் ஆகாது என்று ஆளுக்கொண்ணு சொல்லிவிட்டுப் போகிறார்கள். கம்பிலும் குச்சிக்கிழங்கிலும் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கிற பொருள் இருப்பது உண்மை. அயோடின் இல்லாத இடத்தில் அதையே மூணு வேளையும் உண்டால் கழுத்து வீங்கும். இவருக்குச் சுரப்பி ஏற்கெனவே படுத்துவிட்டது, மருந்து வெளியிலிருந்து போகிறது. வாரம் ஒருக்கா கம்பஞ்சோறு எதைத் தடுத்துவிடும்? கேழ்வரகுக் களி மட்டும் மத்தியானத்துக்குப் போகட்டும், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம்.

பார்க்க வேண்டியது உப்பு. சட்டியில் இருப்பது மூட்டையில் வாங்கின கல்லுப்பு, அயோடின் சேர்த்ததாக எங்கும் போடவில்லை. அது ஊறுகாய்க்கு. குழம்புக்கு அயோடின் உப்பு, மூடி போட்ட டப்பாவில், இறக்கும்போது போட வேண்டும். இது அத்தைக்காக இல்லை, வயித்துப்பிள்ளையோடு இருக்கும் சின்னவளுக்காக.

ஜனவரி 5

செலினியம் என்கிற தாதுச் சத்து மாத்திரை வாங்கலாமா என்று திருப்பூரிலிருந்து போன். வேண்டாம். மிஞ்சினால் அதுவே முடியை உதிர்க்கும்.

ஜனவரி 11, ஞாயிறு

ஒறம்பரை வந்தது, கூடவே முடி வளருகிற மிட்டாயும் வந்தது. அத்தை நேத்தே ரெண்டு தின்றாச்சு. டப்பாவில் பொடி எழுத்தில்: பயோட்டின் என்கிற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது 30.

மிட்டாய் உடம்பைக் கெடுக்காது, ரிப்போர்ட்டைக் கெடுக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே பிடிமானமாக வைத்து அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் அளவு) பொய்யாகக் கூடியும் வரும். பார்க்கிறவர்கள் மருந்து மிஞ்சிவிட்டது என்று 75ஐ 50 ஆக்குவார்கள். குறைந்தது ரெண்டு நாள் நிறுத்தியிருக்க வேண்டும், இந்த அளவுக்கு இன்னும் தள்ளிப்போனால் நல்லது. செவ்வாய் ரத்தம் எடுப்பதாக இருந்தது, ரத்து. பொங்கல் போகட்டும்.

டப்பா பீரோ மேலே, கை எட்டாத இடத்தில்.

ஜனவரி 14, புதன்

காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. மாத்திரை 5.10. நாடி 76.

ஜனவரி 15

பொங்கல் வைக்கிற அவசரத்தில் மாத்திரை தவறியது, பத்து மணிக்குத்தான் ஞாபகம். வயித்தில் சாப்பாடு இருக்கிறது. மத்தியானம் மூணரைக்கு, சாப்பிட்டு மூணு மணி நேரம் விட்டுக் கொடுத்தாச்சு. கால்சியம் இன்னைக்குக் கிடையாது. பாதியாய்க் குறையவே இந்த மருந்துக்கு ஒரு வாரம் ஆகும், சில மணி நேரத்தில் குடி முழுகாது.

ஜனவரி 19, திங்கள்

காலை ஏழுக்கு ரத்தம். மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். விழுங்கின சில மணி நேரத்துக்கு டி4 ஏறி நிக்கும். மாத்திரையைப் பையில் கொண்டுபோய், ஊசி எடுத்த கையோடு. முடிக்காக இரும்புச் சத்தும் பி12ம் சேர்த்துக் கேட்டேன். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் தின்கிறவர்களுக்கு பி12 இறங்கலாம், பாதம் மரமரப்பதாகவும் அத்தை சொல்கிறார்.

ஜனவரி 20, செவ்வாய்

டி.எஸ்.எச். 4.1. 75 அப்படியே.

ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புக் கையிருப்பு) 9. பி12 148. ரெண்டும் குறைவு. முடிக்குக் காரணம் அங்கே இருக்கிறது.

பி12க்கு ஊசி. இரும்பு ஒருநாள் விட்டு ஒருநாள், ராத்திரி ஒன்பதரைக்கு, எலுமிச்சைச் சாத்தோடு, பால் நிறுத்தம். கால்சியம் மத்தியானம், தைராய்டு விடிகாலை, மூணும் ஒண்ணை ஒண்ணு பார்க்கக் கூடாது. மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைத்தாச்சு.

ஆனால் இந்த வயசில் இரும்பு ஏன் இறங்க வேண்டும்? எங்காவது கசிவா? இல்லை, தைராய்டைத் தாக்கின உடம்பின் அதே எதிர்ப்புச் சக்தி இரைப்பையையும் தாக்குகிறதா? அப்படியானால் இரும்பு, பி12 ரெண்டும் சேராது. 75ம் சரியாகச் சேராது. பழியெல்லாம் கால்சியத்தின் மேல் போட்டதும் பாதிதான் உண்மை. வெள்ளிக்கிழமை இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க எழுதியிருக்கிறது. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி, அன்னைக்குச் சர்க்கரை மாத்திரை கிடையாது. தைராய்டு மாத்திரையை விடிகாலை ஒரு வாய்த் தண்ணியில் கொடுக்கலாமாம், கேட்டாச்சு.