கோட்டைக்குள் நின்ற மான்

நேற்றுப் பின்னேரம் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, பிரட்ரிக் கோட்டைக்குள் மரத்தடியில் ஒரு பெட்டைமான் நின்றது. வாயோரத்தில் பொலித்தீன் நுனி. யாரோ சாப்பிட்டு எறிந்த சோற்றுப் பார்சல்தான். குழம்பின் உப்பும் மணமும் ஒட்டியிருந்தால் மானுக்கு அதுவும் சாப்பாடுதானே. நான் கிட்டப் போவதற்குள் விழுங்கிவிட்டு, அப்படியே என்னைப் பார்த்தது. இரவு முழுக்க அந்தக் கண்தான்.

மான் அசைபோடும் பிராணி. விழுங்கிய பொலித்தீன் முதல் இரைப்பையிலேயே தங்கி, கட்டிபட்டு, புல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். வயிறு நிரம்பினமாதிரி இருக்கும், உடம்பு பட்டினியில் மெலியும். எத்தனை நாள் வேதனை அது!

இலங்கையின் மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 100 ரூபாவைத் தாண்டாத தண்டம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓர் உயிரின் நோவுக்கு இவ்வளவுதானா? வாய் பேசாது என்பதற்காக வலி குறைந்துவிடுமா? நமக்கு என்ன பயன் என்று பார்த்து ஓர் உயிரை அளப்பதே பிழை என்பேன். அதற்கு நோகிறது, அது போதும். நானும் மீன், இறைச்சி சாப்பிடுகிற ஆள்தான். அந்தக் கேள்வியும் என்னை விடுவதில்லை.

திருகோணமலைக்கு வருகிற உறவுகளே, பார்சல் சுற்றிய தாளை வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோங்கோ. மானுக்குப் பழம் கொடுத்தால் பையைக் கையிலேயே வைத்திருங்கோ.

நாளைக் காலை அதைத் தேடிப் போகிறேன். இடது காதில் சின்னக் கிழிசல் இருக்கும்.