கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவே

காவலூரில் எங்களுக்கு முக்கியமான மாதங்கள் தையும் மாசியும்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜவ்வாது மலைக்கு மேலே வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். இருட்டிச் சில மணி நேரத்துக்குள் கார்த்திகையும் ரோகிணியும் உச்சிக்கு வந்துவிடும். நான் பார்க்கவேண்டிய நட்சத்திரங்களில் பாதி அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இளம் நட்சத்திரங்களின் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த படத்தை, எடுத்து ஆராய்வது என் வேலை. வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியில்தான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். 1960களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது 1986இல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1982லேயே காலமாகிவிட்டார்.

சுற்றிப்பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள்: “நட்சத்திரம் பொறக்கிறத நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்?” இல்லை, முழுசாக யாருமே பார்த்ததில்லை. வாயு மேகம் சுருங்கத் தொடங்கியதிலிருந்து சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் நிதானமாக எரியும் நிலைக்கு வரச் சில கோடி வருடங்கள் ஆகும். ஆகவே நாங்கள் செய்வது, வெவ்வேறு வயதில் இருக்கும் நட்சத்திரங்களை எடுத்து வரிசைப்படுத்துவது. இந்த இயலே அந்த வரிசையின் மேல்தான் நிற்கிறது. வயது பிசகினால் கதையின் முன்பின் மாறிவிடும்.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் ரிஷப ராசியைத்தான் காட்டுவேன். மூன்று வயதுகளை ஒரே பார்வையில் காட்ட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கார்த்திகைக் கூட்டத்துக்கு வயது பத்துக் கோடி வருடங்களுக்குக் கொஞ்சம் மேலே. ரோகிணியைச் சுற்றி ‘வி’ வடிவில் தெரிகிறதே, அந்தக் கூட்டத்துக்கு அறுபது கோடிக்கு மேல். (ரோகிணி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது இல்லை; அது 65 ஒளியாண்டில் நிற்கிறது, கூட்டம் 150 ஒளியாண்டுக்கு அப்பால்.) அந்தப் பக்கத்திலேயே, சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவில், தூசும் குளிர்ந்த வாயுவுமாய்க் கிடக்கும் இருண்ட மேகங்களில் பத்து, இருபது லட்சம் வருட வயதுள்ள நட்சத்திரங்கள் இருக்கின்றன. சூரியனின் வயது 457 கோடி என்பதை நினைத்துப் பார்த்தால் அவை எவ்வளவு இளசு என்பது விளங்கும்.

இந்த வயதெல்லாம் எப்படித் தெரிந்தது? பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது லித்தியம். ஏறத்தாழ 25 லட்சம் டிகிரி வெப்பத்தில் லித்தியம் அழிந்துவிடும். சின்ன நட்சத்திரங்களில் மேற்பரப்பு வாயு கொதித்துப் புரண்டு ஆழத்துக்குப் போய்வருவதால், கொண்டுவந்த லித்தியத்தை அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடும். ஒவ்வொரு தனிமமும் நிறமாலையில் தனக்குரிய அலைநீளங்களில் கோடு போடும்: 6708 ஆங்ஸ்ட்ராமில் (அலைநீளத்தின் அலகு அது) லித்தியத்தின் கோடு, அதன் பக்கத்திலேயே 6718இல் கால்சியத்தின் கோடு. சூரியனில் கால்சியம் பளிச்சென்று இருக்கும், லித்தியத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இருண்ட மேகத்துப் பிள்ளைகளில் லித்தியக் கோடு ஆழமாக வெட்டியிருக்கும். சூரியனைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களாகப் பார்த்து எடுத்தால், கார்த்திகையில் அது இன்னும் மிச்சமிருக்கும், ரோகிணிப் பக்கத்துக் கூட்டத்தில் அநேகமாகக் காலி. ஒரே மேசையில் இந்த மூன்று நிறமாலைகளையும் அடுக்கிப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்பு வந்ததில்லை.

வேலை இரவில் தொடங்குவதில்லை. மத்தியானமே சிசிடி என்னும், ஒளியைப் பதிவுசெய்யும் கண்டுகருவியின் குடுவையில் திரவ நைட்ரஜன் ஊற்றியாக வேண்டும். கண்டுகருவி நன்றாகக் குளிராவிட்டால் அதன் சொந்த வெப்ப இரைச்சலே மங்கலான நட்சத்திரத்தை மூழ்கடித்துவிடும். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் முன்னும் பின்னும் தோரியம்-ஆர்கான் விளக்கின் படம் ஒன்று எடுப்போம். அலைநீளத்தை அளக்க அதுதான் எங்கள் அளவுகோல். அப்புறம் முக்கால் மணி, ஒரு மணி எக்ஸ்போஷர். முடிந்ததும் திரையில் வருவது பார்க்க ஒன்றும் அழகான படம் இல்லை. வளைந்த வெள்ளைப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடையிடையே அண்டக் கதிர்கள் பட்ட புள்ளிகள். அதற்குள் ஒரு பட்டையில் மட்டும், 6563 ஆங்ஸ்ட்ராமில், தடித்த வெளிச்சத் திட்டு. அதுதான் ஹெச்-ஆல்பா, ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு. இளம் நட்சத்திரத்தைச் சுற்றித் தட்டுபோல் சுழலும் வட்டிலிருந்து வாயு, காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு, நொடிக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் நட்சத்திரத்தின் மேல் விழுகிறது. திட்டு அகலமாக இருப்பது அந்த வேகத்தால்.

ஒருநாள் பின்னிரவில் அப்படியொரு எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டிருந்தபோது உதவியாளர் அண்ணன் உள்ளே வந்தார்.

“ஏம்மா, ஈரப்பதம் ஏறிட்டே போகுது. இன்னும் எவ்ளோ நேரம்?”

“இருபது நிமிஷம்ணா. இது மட்டும் முடிஞ்சுடட்டும்.”

“அதெல்லாம் தாங்காதும்மா. மூடிடறேன்.”

தொலைநோக்கியின் குவிமாடத்தை மூடிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. பனி படிந்தால் கண்ணாடியின் அலுமினியப் பூச்சு கெட்டுப்போகும். ஆனால் அந்த நட்சத்திரத்தின் ஹெச்-ஆல்பா முந்தின இரவுக்கு இந்த இரவு உருமாறியிருந்தது, மறுநாள் இன்னொரு மாதிரி இருக்கும். தவறிய இரவு தவறினதுதான். டி டௌரி என்று அழைக்கப்படும் இந்த வகை நட்சத்திரங்களை 1945இல் வானியலாளர் ஆல்ஃபிரட் ஜாய் தனிக் குழுவாகப் பிரித்துக் காட்டியபோது, அவை இளசு என்பதுகூடத் தீர்மானமாகவில்லை. அவர் கவனித்தது அவற்றின் நிலையில்லாத் தன்மையைத்தான்.

2014 நவம்பரில் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்து ‘அல்மா’ ரேடியோ தொலைநோக்கிகள் ஹெச்எல் டௌரியின் படத்தை வெளியிட்டன. அதுவும் ரிஷபத்து மேகப் பிள்ளைதான். வட்டில் வளையங்கள், நடுநடுவே இருண்ட இடைவெளிகள். பத்து லட்சம் வருடம்கூட ஆகியிருக்காத நட்சத்திரத்தைச் சுற்றி இப்படியா என்று எல்லோரும் அசந்துபோனோம். மறுநாளே பத்திரிகைகள் ‘கோள்கள் பிறக்கின்றன’ என்று எழுதின. இடைவெளியை மட்டும் வைத்துக் கோள் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வளையம் உண்டாக வேறு காரணங்களும் உண்டு. என்னை நம்பவைத்தது பிடிஎஸ் 70 என்ற இன்னோர் இளம் நட்சத்திரம். அதன் வட்டின் இடைவெளிக்குள் கோளையே 2018இல் படம் பிடித்தார்கள். அடுத்த வருடம் அங்குள்ள இரண்டு கோள்களிலிருந்தும் ஹெச்-ஆல்பா வருவதைக் காட்டினார்கள். வாயு விழுந்து கோள் வளர்வதையும் அதே சிவப்புக் கோடுதான் சொல்கிறது.

படங்களுக்குக் கிடைக்கும் கவனம், வருடக்கணக்காக ஒரே நட்சத்திரங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துவைக்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே இளம் நட்சத்திரம் தலைகீழாக மாறுவதுண்டு. எஃப்யூ ஓரியானிஸ் 1936-37இல் நூறு மடங்குக்கும் மேல் பிரகாசமாகி, இன்றுவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வட்டில் தேங்கிய வாயு மொத்தமாகச் சரிந்து விழுவதுதான் காரணம் என்கிறோம். 1969-70இல் வி1057 சிக்னி அதேபோல் பொங்கியது. அதன் பழைய நிறமாலை ஒன்று, பொங்குவதற்கு முன்னால் எடுத்தது, தற்செயலாகக் கைவசம் இருந்தது. பார்த்தால் சாதாரண டி டௌரி வகை நட்சத்திரம். பொங்கும் நட்சத்திரங்கள் வேறு ஜாதி இல்லை, இதே பிள்ளைகள்தான் என்பதற்கு அந்த ஒற்றை நிறமாலை பெரிய சாட்சியாயிற்று.

அதனால்தான் தொலைநோக்கி நேரம் கேட்டு எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும், புதிதாக எதுவும் நடக்காத நட்சத்திரங்களையும் பட்டியலில் விடாமல் சேர்க்கிறேன். பெரிய தொலைநோக்கிகளில் இதற்கு நேரம் தரமாட்டார்கள். இரண்டு மீட்டர் தொலைநோக்கி தரலாம், தரவும் வேண்டும்.