பளபளத்தால் வாங்காதீர்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சனங்கள் சதக் காசைக்கூடப் பதுக்கியதால், 1862 முதல் கடைக்காரர்களே தங்கள் பெயரில் செம்பிலும் பித்தளையிலும் காசு போன்ற டோக்கன் அடித்துப் புழங்கவிட்டார்கள். 1864இல் சட்டம் அதை நிறுத்தியது. (இலங்கையில் 1942இல் சில்லறை தட்டியபோது அரசே கடதாசிக்கு இறங்கியது, நடுவில் துளைவரிசை இட்ட 5 சதத் தாளை அதன் வழியே கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம்.)

அந்த அமெரிக்க டோக்கனை இன்று கொழும்பிலிருந்து வாங்கிச் சேர்க்கிறவருக்குப் படம்தான் சாட்சி. ஆகவே விட்டம், நிறை, விளிம்பின் படம் மூன்றையும் கேளுங்கள். விட்டம் அன்றைய சதத்தைப் போலவே 19 மி.மீ. அளவில் இருக்கும். நிறை மட்டும் தீர்ப்புச் சொல்லாது, தகட்டின் தடிப்பு கடைக்குக் கடை மாறும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால், எழுத்தோரத்தில் குமிழ்க்குழி தெரிந்தால், அது வார்ப்புப் போலி.

விலையைத் தீர்மானிப்பதில் உலோகத்துக்கும் பங்குண்டு. இந்த டோக்கன்களைப் பட்டியலிட்ட ஃபுல்ட் என்பவர்களின் நூலில் ஒவ்வொன்றுக்கும் உள்ள ஃபுல்ட் எண்ணின் கடைசி எழுத்து உலோகத்தைத்தான் சொல்கிறது: 'ஏ' செம்பு, 'பி' பித்தளை. ஒரே அச்சில் செம்பு மலிந்து கிடக்க, பித்தளை விரல்விட்டு எண்ணும்படி இருக்கலாம். கறுத்த பித்தளையைக் கண்ணால் பிரிப்பது கடினம், எனவே அடர்த்தி பாருங்கள். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்கி, டோக்கனை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் அமிழ்த்துங்கள். காற்றில் எடுத்த நிறையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் செம்புக்கு 8.9, பித்தளைக்கு 8.5 அளவில் வரும். 3 கிராம் டோக்கனில் இந்த வித்தியாசம் 0.016 கிராம்தான். இரண்டு தசமத் தராசு காணாது. செட்டியார் தெருவில் மூன்று தசமம் காட்டும் நகைத் தராசு உள்ள கடையில் கேட்டுப்பாருங்கள். காற்றுக்குமிழ் ஒட்டினால் செம்பும் பித்தளையாகிவிடும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சவர்க்காரம் விடுங்கள்.

பொங்கலுக்குக் குத்துவிளக்கு மினுக்கும் புளியை இதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். புளி தொட்ட செம்பு இளஞ்சிவப்பாகும், விலை விழும். பிசுபிசுத்த பச்சை, மென்மையான பீவீசீ பிளாஸ்டிக் உறையால் வருவது. கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிற்றோன் ஊற்றி ஊறவிடுங்கள், தேய்க்காதீர்கள். நகப்பூச்சு நீக்கி வேறு. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பிறகு பீவீசீ கலவாத மைலார் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் மூடுங்கள். கொழும்பு ஈரக்காற்றில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும், சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். பொடிப்பொடியாக உதிரும் வெளிர்பச்சைக் களிம்பு கண்டால் அந்த டோக்கனை உடனே தனி டப்பாவுக்கு மாற்றுங்கள்.